தில்லை வடக்குக் கோபுரத்துச் சிற்பியர் நால்வர்: பெயரும் உருவும் காட்டும் வரலாறு

முன்னுரை

தமிழகக் கோயில்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கட்டுவித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கல்வெட்டுகள் கொடையாளரை விரிவாகப் பேசுகின்றன. கல்லைச் செதுக்கியவர்களின் பெயர்களோ அரிதாகவே கிடைக்கின்றன. இந்நிலையில், சிதம்பரம் நடராசர் கோயிலின் வடக்குக் கோபுரத்தில் சிற்பியர் நால்வரின் உருவங்கள் பெயர்ப் பொறிப்புடன் அமைந்திருப்பது தனிக் கவனத்திற்குரியது. இச்சான்று அவர்தம் வாழ்வைப் பற்றி எவ்வளவு கூறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டுவித்தவரும் கட்டியவரும்

விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் (1509–1529) கலிங்கப் போர் வெற்றிக்குப் பின் இக்கோபுரத்தை எழுப்பியதாகக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அவருடைய உருவச் சிலையும் இங்கேயே உள்ளது. எனவே, ஒரே வாயிலில் வேந்தரும் சிற்பியரும் உருவம் பெற்றுள்ளனர். ஆயினும் பிற்கால நினைவு வேந்தர் பெயரையே பற்றிக்கொண்டது.

பெயர்கள் தரும் செய்தி

விருத்தகிரியில் கேசவப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து, திருப்பிறைக்கொடை ஆசாரி திருமருங்கன், அவர் தம்பி காரணாச்சாரி என்போரே அந்நால்வர். விருத்தகிரி என்பது இன்றைய கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம். தேவாரத்தில் திருமுதுகுன்றம் எனப் போற்றப்பட்ட தலம். 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் அங்குக் கற்றளி எடுப்பித்தார். நெடுங்காலக் கற்பணி மரபுடைய அவ்வூரின் பெயரோடு ஒரு சிற்பி தில்லையில் அடையாளப்படுத்தப்படுவது கருதத்தக்கது.

உறவுமுறைக் குறிப்பு இதனினும் முதன்மையானது. ஓரிணையர் தந்தையும் மகனும். மற்றோரிணையர் அண்ணனும் தம்பியும். தொழிலறிவு குடும்பத்தின் வழியே கைமாறியதையும், இரு குடும்பங்கள் ஒரு பெரும்பணியில் இணைந்து நின்றதையும் இதனால் உய்த்துணரலாம். கேசவப்பெருமாள் என்னும் வைணவப் பெயருடையவர் சைவப் பெருங்கோயிலில் பணியாற்றியுள்ளார். பெயரைக் கொண்டு மட்டும் ஒருவரது சமயத்தைத் துணிதல் பொருந்தாது. எனினும், சிற்பத் தொழில் சமய எல்லைக்குள் அடங்கியதன்று என்னும் கருத்துக்கு இது அரண் செய்கிறது.

கோபுரத்தின் அடிப்பகுதி கருங்கல்லாலும் மேல்நிலைகள் செங்கல், சுதையாலும் ஆனவை. சுதை வேலை திருப்பணிதோறும் புதுப்பிக்கப்படுவது. ஆகவே, பழங்காலச் சிற்பியரின் உளித்திறனை மதிப்பிட முனைவோர் கற்பகுதியையே முதன்மைச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

ஒப்பீடு

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன் முதலிய பெயர்கள் பாறையில் வெட்டப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனைக் குறிக்கிறது. இவ்விரண்டும் பெயரளவில் நிற்க, தில்லைச் சான்று பெயரோடு உருவமும் உறவும் தருகிறது.

தில்லைச் சான்றுக்கு நெருங்கிய அயல்நாட்டு ஒப்புமை எசுப்பானியத்தின் கட்டலோனியாவில் உள்ளது. பார்சிலோனாவை அடுத்த சான் குகாத் மடத்தில், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பணிபுரிந்த அர்னாவு கடெல் என்னும் சிற்பி, தாம் செதுக்கும் கோலத்தைத் தூண் போதிகை ஒன்றில் வடித்துள்ளார். அவ்வுருவம் அவருடையதே என அருகிலுள்ள இலத்தீன் பொறிப்பு அறிவிக்கிறது. அங்கு நிற்பவர் தனியொருவர். தில்லையில் நிற்போர் உறவினால் பிணைந்த நால்வர். கலைஞன் எனும் கருத்தே இவ்விரு சூழல்களிலும் வேறுபட்டிருக்கக்கூடும்.

முடிவுரை

நால்வரின் பிறப்பு, கல்வி, ஊதியம் பற்றி இப்பொறிப்புகள் எதுவும் கூறவில்லை. ஆயின் ஊர், உறவு, தொழில் ஆகிய மூன்றையும் அவை உறுதியாக உணர்த்துகின்றன. தமிழ்ச் சிற்பியின் வரலாற்றைத் தனிமனித வாழ்க்கை வரலாறாக அன்றி, ஊர்களையும் குடும்பங்களையும் இணைத்த தொழில் வரலாறாக எழுதுவதற்கு இம்மூன்றும் போதிய தொடக்கமாகும். வடக்குக் கோபுரம் கிருஷ்ணதேவராயரின் கொடை. அதனோடு கேசவப்பெருமாள் முதலிய நால்வரின் ஆக்கமும் ஆகும். பாடநூல்களும் தல வரலாறுகளும் இவ்விரண்டையும் சேர்த்தே பதிவுசெய்தல் வேண்டும்.