லிபர்டி பேங்க் முனை

சியாட்டிலுக்கு வேலைக்கு வந்த புதுசில் நான் குடியிருந்தது சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் பகுதியில். ஆபீசுக்கு ஒரே பஸ். வாடகை ஜாஸ்திதான், ஆனா என் சம்பளம் தாங்கும். ஏரியாவைப் பத்தி அதுக்கு மேல நான் யோசிச்சதில்லை.

யூனியன் தெருவும் இருபத்து நாலாம் அவென்யூவும் சந்திக்கிற முனையில் ஒரு புதுக் கட்டடம். பேர் லிபர்டி பேங்க் பில்டிங். பேங்க் எங்கேன்னு பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு கறுப்பினப் பெரியவரிடம் கேட்டேன். "இடிச்சாச்சு. என் முதல் அக்கவுண்ட் அங்கதான் இருந்துச்சு" என்றார்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான கதை இருக்கிறது. 1882-இல் வில்லியம் குரோஸ் என்கிற கறுப்பின ஹோட்டல்காரர் ஈஸ்ட் மேடிசன் பக்கம் பன்னிரண்டு ஏக்கர் வாங்கினார். அவரைச் சுற்றி மற்ற கறுப்பினக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அது விரும்பி வந்தது. பிறகு நடந்தது அப்படியில்லை. நகரத்தின் பல பகுதிகளில் வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள். 1936-இல் வந்த அரசு வரைபடத்தில் சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட்டுக்குச் சிவப்பு நிறம். அதற்கு அர்த்தம், இங்கே கடன் கொடுக்காதே. அதாவது வெளியே போகவும் விடமாட்டார்கள், உள்ளே இருக்கும் வீட்டைச் சரிபார்க்கவும் பணம் தரமாட்டார்கள்.

1964-இல் வீட்டுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. சியாட்டில் மக்கள் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தார்கள். தாராளவாத நகரம்னு பேர் வாங்கின ஊர்! மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு இரண்டு வாரம் கழித்து, 1968 ஏப்ரலில்தான் நகர மன்றம் அதை நிறைவேற்றியது. அதே வருஷம் பாதிரியார் சாமுவேல் மெக்கின்னி உள்ளிட்ட சிலர் சேர்ந்து லிபர்டி பேங்க்கைத் தொடங்கினார்கள். யாரும் கடன் தராத தெருவில் கடன் தருவதற்காக. இருபது வருஷம் தாக்குப்பிடித்தது.

1970 வாக்கில் இந்தப் பகுதியில் பத்துப் பேரில் ஏழு பேர் கறுப்பினத்தவர். 2019-இல் 115 வீடுகளோடு இந்தப் புதுக் கட்டடம் திறந்தபோது இரண்டு பேர்கூட இல்லை.

நம்ம ஊர் ஹவுசிங் போர்டு மாதிரி அரசு கட்டினதுன்னுதான் முதலில் நினைத்தேன். இல்லை. 1986-இல் ரீகன் கையெழுத்திட்ட வரிச் சீர்திருத்தச் சட்டத்தின் ஓரத்தில் பிறந்த ஏற்பாடு இது. மத்திய அரசு காசு தராது, டாக்ஸ் கிரெடிட் தரும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் மக்கள்தொகைக்கு ஏற்ப ஒரு பங்கு. வீடு கட்டுகிறவர் போட்டி போட்டு அதை வாங்கி, ஏதாவது ஒரு பேங்க்குக்கு, பெரும்பாலும் டாலருக்குக் கொஞ்சம் குறைவான விலையில், விற்பார். அந்தப் பணத்தில் கட்டடம் எழும்பும். பேங்க் பத்து வருஷம் தன் வரியில் டாலருக்கு டாலர் கழித்துக்கொள்ளும். காகிதத்தில் பார்த்தால் வழக்கமாகக் கட்டடத்தில் 99.99 சதவீதம் அந்த முதலீட்டாளருக்குச் சொந்தம். ஒரு காலத்தில் இந்தத் தெருவுக்குச் சிவப்புக் கோடு போட்ட தொழில், இன்று வரியைக் குறைக்க இதே தெருவுக்குள் வருகிறது.

வாடகைக் கணக்குதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. குடியிருப்பவரின் வருமானம் வட்டாரத்தின் நடு வருமானத்தில் பொதுவாக 60 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். அந்த உச்சவரம்பில் முப்பது சதவீதம்தான் வாடகையின் எல்லை. ஆனால் "வட்டாரம்" என்றால் இந்தத் தெரு இல்லை. பெல்வியூ, ரெட்மண்ட் எல்லாம் சேர்த்து. அங்கே என்னை மாதிரி ஆட்களின் சம்பளம் ஏற ஏற நடு வருமானம் ஏறும், வாடகை எல்லையும் ஏறும். எனக்கு இன்க்ரிமென்ட் வந்தால், நான் பார்த்தேயிராத ஒருவரின் வாடகை கூடலாம்.

காலக்கெடுவும் உண்டு. முதல் 15 வருஷம் கண்டிப்பான கண்காணிப்பு. முதலீட்டாளர் கழன்றுகொள்ளும் நேரமும் அதுதான். மத்தியச் சட்டப்படி குறைந்தபட்சம் 30 வருஷம் வாடகைக் கட்டுப்பாடு. அதற்குப் பிறகு? லிபர்டி பேங்க் கட்டடத்தில் அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டார்கள். கட்டிய நிறுவனத்தோடு ஆஃப்ரிகாடவுன் போன்ற உள்ளூர் அமைப்புகள் ஒப்பந்தம் போட்டன. கடைசியில் கட்டடம் கறுப்பின சமூகத்தின் கைக்கு வருவதே அதன் நோக்கம். இந்த மாதிரித் திட்டங்களில் இது அபூர்வம். வாடகைக்கு இடம் கிடைத்தால் ஊரில் இருக்கலாம், ஆனால் பிள்ளைகளுக்கு விட்டுப்போக ஒன்றும் இருக்காது என்பது இந்தத் தெருவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரியவரை அப்புறமும் பஸ் ஸ்டாப்பில் பார்ப்பேன். பக்கத்துக் கட்டடத்தில் இருப்பதாகச் சொன்னபோது, "உனக்கு வாடகை எவ்வளவு?" என்று கேட்டார். எண்ணூறு டாலர் குறைத்துச் சொன்னேன். அந்தத் தொகைக்கே அவர் மெல்ல விசிலடித்தார். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். கென்ட், மகள் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் முடி வெட்டவும் மட்டும் ரெண்டு பஸ் மாறி இங்கே வருவாராம்.

என் பஸ் வந்தது. அவருடையது எதிர்ப்பக்கம்.