வாவிக்கரையில் வேரூன்றிய பந்தாட்டம்

ஒரு விளையாட்டு ஒரு நாட்டுக்கு வந்து சேர்வது வேறு. அந்நாட்டு மக்களுக்கு உரியதாவது வேறு. கப்பலிலிருந்து மட்டையும் பந்தும் இறங்கிய நாளைக் கொண்டு விளையாட்டின் வரலாற்றைத் தொடங்குவோர் உண்டு. ஆயினும், பந்தையே அறியாத ஒரு சிறுவனின் கையிலே அதனைக் கொடுத்து, இப்படிப் பிடி, இப்படி நில் என்று ஒருவர் பொறுமையோடு கற்பித்த நாளே அவ்விளையாட்டின் உண்மையான பிறந்தநாள் ஆகும். மேலைநாட்டினர் வழியாக இலங்கைக்கு வந்த இரண்டு பந்தாட்டங்களின் கதை இதனை நன்கு விளக்கும். அவற்றுள் ஒன்றாகிய டெனிஸ் நெடுங்காலம் வேலிக்குள்ளேயே நின்றது. மற்றொன்றாகிய கூடைப்பந்தாட்டம் மட்டக்களப்பு வாவிக்கரையிலே ஊர்ப்பிள்ளைகளின் உடைமையாயிற்று. இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று?

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே உள்ள நிலம் எழுவான்கரை. மேற்கே உள்ளது படுவான்கரை. ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்ட இம்மக்களுக்கு இரு கட்சியாகப் பிரிந்து ஆடுவது புதியதன்று. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டிலே ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று பிணைத்து இரு கட்சியாரும் கயிறு கட்டி இழுப்பர். எவருடைய கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவராவர். தேங்காயோடு தேங்காயை மோதவிடும் போர்த்தேங்காயும் இவ்வகையினதே. இவ்விளையாட்டுக்களைக் கற்பிப்பதற்குப் பள்ளிக்கூடம் வேண்டியிருக்கவில்லை. தந்தை ஆடுவதை மகன் பார்த்தான்; வளர்ந்தபோது தானும் ஆடினான். பார்த்தலே பயிற்சியாக அமைந்தது.

டெனிஸ் ஆட்டம் வந்த வகை இதற்கு நேர்மாறானது. 1874ஆம் ஆண்டிலே வால்ட்டர் விங்ஃபீல்ட் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, புல்தரையில் ஆடத்தக்க ஒரு பந்தாட்டத்துக்கு உரிமைப்பத்திரம் பெற்று, வலை, கம்பங்கள், மட்டைகள், பந்துகள், விதிநூல் ஆகியவற்றை ஒரே பெட்டியில் அடக்கி விற்கத் தொடங்கினார். அவர் வகுத்த ஆடுகளம் நடுவே ஒடுங்கி இருபுறமும் அகன்றிருந்தது. மூன்றாண்டுகளின் பின்னர், 1877இல், விம்பிள்டனில் முதற்போட்டி நடைபெற்றபோது அது நீண்ட சதுரமாயிற்று. 78 அடி நீளமும், ஒருவரோடு ஒருவர் ஆடுகையில் 27 அடி அகலமும் என்னும் அளவு அன்று தொட்டு இன்றுவரை மாறவில்லை. பெட்டிக்குள் அடங்கிய விளையாட்டாதலின், பிரித்தானிய அதிகாரிகள் சென்ற இடமெங்கும் அதுவும் சென்றது.

இலங்கைக்கும் அது அவ்வாறே வந்தது. 1905ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கச்சேரியிற் பணியாற்ற வந்த லெனாட் வுல்ஃப், 1961இல் வெளியிட்ட தமது நினைவுநூலிலே அங்கிருந்த வெள்ளையரின் வாழ்க்கையைச் சித்திரித்துள்ளார். மாலைதோறும் டெனிஸ் ஆடுவதும், பின்னர் கூடியிருந்து மதுவருந்தி உரையாடுவதும் அவர்களுக்கு ஒரு சடங்கு போலவே இருந்தன. அது விளையாட்டு மட்டுமன்று. ஆளுவோர் ஒருவரையொருவர் காணும் அவையுமாகும். அத்தகைய அவைக்குள்ளே ஊர்ச் சிறுவனுக்குக் கிடைத்த இடம், ஓடிய பந்தைப் பொறுக்கிக் கொடுப்பவனுடைய இடமே. அவனும் பார்த்தான், ஆனால் பார்த்தல் இங்கே பயிற்சியாகவில்லை. மட்டை அவன் கைக்கு வரவில்லை.

பொருட்செலவும் ஒரு தடையாயிற்று. ஆளுக்கொரு மட்டை வேண்டும். அக்காலத்து மட்டைகள் மரச்சட்டத்திலே விலங்கின் குடல்நரம்பு கட்டியவை. ஈரக்காற்றுப் பட்டால் நரம்பு தளர்ந்து கெடும். கடலும் வாவியும் சூழ்ந்த நிலத்திலே அதனைப் பேணுவது எளிதன்று. ஒரு பெரிய களத்தை ஒரே நேரத்தில் இருவரோ நால்வரோதான் பயன்படுத்தலாம். நாற்பது பிள்ளைகள் பயிலும் வகுப்புக்கு இது எங்ஙனம் பொருந்தும்?

இத்தடைகளைக் கடந்து தமிழர் டெனிசிற் சிறந்ததும் உண்டு. 1937இல் நாகர்கோவிலிற் பிறந்த இராமநாதன் கிருஷ்ணனுக்கு முதலாசிரியர் அவருடைய தந்தை டி. கே. இராமநாதனே. தந்தையும் பேர்பெற்ற ஆட்டக்காரர். கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளைஞர் போட்டியில் வென்றார். ஆசியர் ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதன்முறை. 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதியாட்டம் வரை முன்னேறினார். அவருடைய மைந்தர் ரமேஷ் 1979இல் அதே இளைஞர் பட்டத்தைப் பெற்றார். அக்குடும்பத்தில் வீடே பள்ளியாயிற்று. மட்டை கிடைத்ததனால் மட்டும் அவர்கள் ஆட்டக்காரராகவில்லை; மட்டையைப் பிடிக்கும் முறையைக் கற்பிக்க ஒருவர் அருகிலிருந்தார். அத்தகைய தந்தை வாய்க்காத பிள்ளைகளுக்கு வழி யாது என்பதே எஞ்சி நிற்கும் வினா.

அவ்வினாவுக்கான விடையைத்தான் மட்டக்களப்பிற் காண்கின்றோம். கூடைப்பந்தாட்டம் தொடக்கத்திலேயே வகுப்பறைக்காக ஆக்கப்பட்டது. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரிலே, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் வெளியே செல்ல இயலாத மாணவர்களுக்காக இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதி வைத்தார். ஒரு பந்து, இரண்டு கூடைகள், பதினெண்மர் ஆடினர். பின்னர் கூடை இரும்பு வளையமாயிற்று. இன்று கட்சிக்கு ஐவராகப் பதின்மர் ஆடுகின்றனர். பந்தோ அன்றுபோல் ஒன்றே.

கிழக்கிலங்கைக்கு 1895ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு யேசுசபைத் துறவியர் வந்தனர். மட்டக்களப்பு நகரின் புளியந்தீவிலே அமைந்த புனித மிக்கேல் கல்லூரி அவர்களுடைய உழைப்பால் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர், அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த யேசுசபையார் அப்பணியிற் சேர்ந்தனர். அவர்கள் பாடநூலோடு தம் நாட்டுப் பந்தையும் கொண்டு வந்தனர். எனினும் அதனைத் தங்களுக்குள் ஆடி மகிழவில்லை. மாணவர் கையிலே கொடுத்தனர். இதுவே முன்னைய கதைக்கும் பின்னைய கதைக்கும் உள்ள வேறுபாடு.

அவர்களுள் யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1923இல் லூசியானா மாநிலத்திற் பிறந்தவர். 1948இல் இலங்கைக்கு வந்தவர். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் அவர் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்தார். கூடைப்பந்தாட்டத்திலே தொடக்கப் பயிற்சி கவர்ச்சியானதன்று. கண் முன்னே நோக்கியிருக்கப் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு நடத்தல், ஒரு காலை ஊன்றி மறுகாலால் திரும்புதல், பக்கத்தில் ஓடுபவன் கைக்குப் பந்தைச் சேர்த்தல் ஆகியவற்றை நூறு முறை, ஆயிரம் முறை திரும்பச் செய்தல் வேண்டும். பத்து அடி உயரத்து வளையத்தை நோக்கி எறிவது அதன் பின்னரே. இவ்வாறு பயின்ற வாவிக்கரைப் பிள்ளைகள், தலைநகரிலுள்ள பெரிய கல்லூரிகளை எதிர்த்து அகில இலங்கைப் போட்டிகளில் வெற்றி பெற்றனர். புனித மிக்கேல் கல்லூரியின் பெயரும் கூடைப்பந்தாட்டமும் பிரியாதனவாயின. ஓட்டம் முதலிய மெய்வல்லுநர் பயிற்சியிலே இத்தகைய தொண்டு செய்த மற்றோர் அமெரிக்கத் துறவியாகிய வெபர் அடிகளாரின் பெயரை மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்கு தாங்கி நிற்கின்றது.

இவ்வரலாற்றிலே துயரமும் உண்டு. 1990ஆம் ஆண்டு போர் மூண்டபோது மட்டக்களப்பு மாவட்டம் பெருந்துன்பத்துக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கித் தமிழ் இளைஞர் ஒருவரோடு ஸ்கூட்டரில் புறப்பட்ட ஹேபர்ட் அடிகளார் வந்து சேரவில்லை. இருவரும் காணாமற்போயினர், அவர்கள் உடலும் கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிறர் பிள்ளைகளுக்குப் பந்தாடக் கற்பித்தவருக்கு ஒரு கல்லறைதானும் இல்லை. ஆயினும் அவர் கற்பித்தது அவரோடு மறையவில்லை. அவரிடம் பயின்றோர் பிறரைப் பயிற்றினர்; கல்லூரிக் களத்திலே பந்தின் ஒலி ஓயவில்லை. இவ்விளையாட்டு ஒருவருடைய கொடையாக நில்லாமல் ஊரின் உடைமையாகிவிட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இன்று டெனிஸ் ஆட்டம் ஆளுவோரின் ஆட்டமன்று. குடல்நரம்புக்கு ஈடாக ஈரத்துக்கு அஞ்சாத செயற்கை இழைகளும், மரச்சட்டத்துக்கு ஈடாக மெல்லிய மட்டைகளும் வந்துவிட்டன. புதிதாகத் தொடங்குவோனுக்கு முழுக்களமும் உடனே வேண்டியதில்லை. வெறுஞ்சுவர் ஒன்று போதும். வலையின் நடுப்பகுதி மூன்றடி உயரமாதலின், அவ்வுயரத்திலே சுவரிற் கோடொன்று இட்டுக்கொண்டு, பந்தின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் அடித்துப் பழகலாம். ஆனால் சுவர் பந்தைத் திருப்பித் தருமேயன்றிப் பிழையைத் திருத்தாது. திருத்துவதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அவர் நிற்கும் களத்தின் வாயில் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் வாய்த்த இடத்தில் எந்த நாட்டுப் பந்தும் வேரூன்றும். இவை வாயாத இடத்தில் எத்தனை அழகிய புல்தரையும் வேலி சூழ்ந்த வெறுநிலமே.