ஐம்பது டொலர் இறுவட்டு: கட்டற்ற மென்பொருளுக்குக் கூலி கொடுத்தவர்கள்

கணினி உலகிலே நம்மவரை அதிகம் மயக்கிய சொல் 'இலவசம்' என்பதாகும். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அங்கே இந்த மயக்கம் மொழியிலேயே இருக்கின்றது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அப்படியிருந்தும் லினக்ஸ் முதலான இயங்குதளங்களைப் பற்றிப் பேசும்போது நாமும் 'இலவச மென்பொருள்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அப்படிச் சொல்லும்போது ஒரு கேள்வி நம் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து ஓர் இயங்குதளத்தை எழுதியவர்கள் எதைக்கொண்டு சீவித்தார்கள்? அவர்களது மின்சாரப் பட்டியலை யார் கட்டினார்கள்? இந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பெரும்பகுதி, இன்று மேசை லாச்சிக்குள் தூசி படிந்து கிடக்கும் இறுவட்டில் இருக்கின்றது.

இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளை இயக்கி, மற்றைய மென்பொருட்களுக்கு இடங்கொடுக்கும் அடிப்படை மென்பொருள். கட்டற்ற இயங்குதளம் ஒன்றை எவரும் பாவிக்கலாம், அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிரதியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். கடைசியாகச் சொன்ன உரிமையே பலருக்கும் வியப்பூட்டுவது. ஆனால் நமது சமூகத்துக்கு இது அந்நியமான சிந்தனையன்று. குர்ஆன் பிரதிகளில் 'விலை' என்று போடாமல் 'ஹதியா' என்று போடும் வழக்கத்தை நாம் அறிவோம். வசனத்துக்கு விலை கிடையாது. கடதாசிக்கும் அச்சுக்கும் கட்டுவேலைக்கும் ஒரு தொகை உண்டு என்பதே அதன் தாற்பரியம். கட்டற்ற மென்பொருளின் முதல் வியாபாரமும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கிற்று.

நாடாவிலிருந்து இறுவட்டுக்கு

அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டெம்பரில் 'குனு' என்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். 1984 ஜனவரியில் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் தாம் பார்த்துவந்த வேலையை விட்டார். அவரிடம் அப்போது கொடுப்பதற்கு இருந்தது 'ஈமாக்ஸ்' என்னும் எழுத்துத் தொகுப்பி ஒன்றே. வலையமைப்பு வசதி உள்ளவர்கள் அதைக் காசில்லாமல் பெற்றுக்கொள்ள முடிந்தது. ஆனால் 1985இல் அந்த வசதி வெகு சிலருக்கே இருந்தது. மற்றவர்களுக்காக அவர் காந்த நாடாவிலே பிரதியெடுத்து, நாடா ஒன்றை 150 டொலருக்குத் தபாலில் அனுப்பினார். அவ்வாண்டின் நடுப்பகுதியில் மாதத்துக்கு எட்டுப் பத்து நாடாக்கள் விலைபோயின. அவசியப்பட்டால் அந்த வருவாயிலேயே தம்மால் வாழ்ந்திருக்க முடியும் என்று பிற்காலத்தில் அவர் ஓர் உரையிலே சொல்லியிருக்கின்றார். அதே ஆண்டு ஒக்டோபரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை உருவானது. நாடா விற்பனை அதன் கைக்கு மாறியது. கையேடுகளும் நாடாக்களும் விற்று வந்த பணத்திலிருந்து நிரலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது.

லினக்ஸின் கதை வேறு திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்து சேர்கின்றது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட முதற் பதிப்பின் உரிமத்தில், இதைப் பரப்புவதற்குக் காசு வாங்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. பிரதியெடுக்கும் செலவைக்கூட வாங்க முடியாது. நல்லெண்ணத்தில் போடப்பட்ட அந்தத் தடை, நெகிழ்தட்டு வாங்கிப் பிரதியெடுத்துத் தபாற்செலவும் கட்டிப் பரப்ப விரும்பியவர்களின் கையைக் கட்டிப்போட்டது. 1992இல் அவர் அந்த உரிமத்தைக் கைவிட்டு, விற்பனையை அனுமதிக்கும் குனு பொது உரிமத்துக்கு மாறினார். விற்கக்கூடாது என்ற விதி நீங்கிய பின்னரே லினக்ஸ் ஊரூராகப் போகத் தொடங்கிற்று.

அந்தப் பயணத்துக்கு வாகனமாக அமைந்தது இறுவட்டு. ஓர் இறுவட்டிலே ஏறத்தாழ 650 மெகாபைட் கொள்ளும். கலிபோர்னியாவில் 1991இல் தொடங்கப்பட்ட 'வால்நட் கிரீக் சீடிரொம்' என்ற நிறுவனம் இத்தகைய மென்பொருட்களை இறுவட்டில் அடித்து விற்றது. 1993இல் 'ஃப்ரீ பி.எஸ்.டி.' என்ற இயங்குதளத்தின் முதற் பதிப்பு வெளிவந்தபோது, எவரும் அறியாதிருந்த அந்தத் திட்டத்துக்கு வேலைசெய்ய ஒரு கணினியையும் வேகமான இணைய இணைப்பையும் அந்நிறுவனம் கொடுத்தது. அந்த நம்பிக்கை இல்லாதிருந்தால் தாங்கள் இவ்வளவு விரைவில் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டோம் என்று ஃப்ரீ பி.எஸ்.டி. குழுவினர் தமது கைநூலிலேயே நன்றியோடு எழுதி வைத்திருக்கின்றார்கள். அதே 1993 ஜூலையில் பட்ரிக் வொல்கர்டிங் வெளியிட்ட 'ஸ்லாக்வெயர்' லினக்ஸும் இறுவட்டு விற்பனையைக்கொண்டே வளர்ந்தது.

மலைநாட்டுக்கு வந்த வழி

இறுவட்டு அந்தக் காலத்தில் எத்தனை பெரிய விடயமாக இருந்தது என்பதை இன்றைய இளைஞர்களுக்கு ஒரு கணக்கின் மூலம் காட்டலாம். தொலைபேசிக் கம்பி வழியான இணைப்பின் உச்ச வேகம் செக்கனுக்கு 56 கிலோபிட். அந்த உச்ச வேகம் ஒருபோதும் குறையாமல் கிடைத்தாலும்கூட ஓர் இறுவட்டளவு மென்பொருளை இறக்க ஏறத்தாழ 26 மணித்தியாலம் வேண்டும். அத்தனை நேரமும் தொலைபேசிக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். இடையில் இணைப்பு அறுந்தால் அதுவரை செலவழித்ததும் வீணாகலாம். கொழும்பிலே இது சிரமமான காரியம்; ஹல்துமுல்லையில், அதற்கு மேலே அப்புத்தளையில், கீழே கொஸ்லாந்தையில் இது நடவாத காரியம். இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பெரகலைக்கு ஏறும் பஸ் வண்டியும் தபாற்காரரின் பையுமே இப்பகுதிக்கு மென்பொருள் வரக்கூடிய பாதைகளாக இருந்தன.

அந்தப் பாதைகளில் வந்த இறுவட்டுகள் பெரும்பாலும் திருட்டுப் பிரதிகளே. நகரத்துக் கடைகளில் அவை மலிவாகக் கிடைத்தன. வாங்கியவர் காசு கொடுத்தார். ஆனால் அந்தக் காசில் ஒரு சதமும் எழுதியவரைச் சேரவில்லை. வாங்கியவருக்கும் அதிலே எந்த உரிமையும் கிடைக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்த பிறகு இந்த வியாபாரத்தின் மீது கண்காணிப்பு கூடியது. கட்டற்ற இயங்குதளத்தின் இறுவட்டும் அதே விலைக்கு விற்கப்படலாம். ஆனால் அதை வாங்கியவர் பத்துப் பாடசாலைகளுக்குப் பிரதியெடுத்துக் கொடுத்தாலும் குற்றமில்லை. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு தட்டுகளுக்கிடையில் இருந்த வித்தியாசம் இது.

இந்த இடைவெளியை நிரப்ப வேறு இரண்டு கைகளும் நீண்டன. தென்னாபிரிக்கரான மார்க் ஷட்டில்வெர்த், தமது நிறுவனத்தை 1999இல் விற்றுப் பெருஞ் செல்வந்தரானவர். அவர் 2004இல் 'உபுண்டு' லினக்ஸைத் தொடங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் உலகின் எந்த மூலைக்கும் இறுவட்டைத் தபாற்செலவின்றி அனுப்பிவைத்தார். 2011 ஏப்ரலில் அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. மற்றது அரசாங்கத்தின் கை. 2005 ஏப்ரல் 15ஆம் திகதி சென்னையில் இந்திய மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களும், தமிழ்ப்படுத்தப்பட்ட 'ஓபன் ஒஃபிஸ்' முதலான மென்பொருட்களும் அடங்கிய இறுவட்டை வெளியிட்டு, விண்ணப்பித்தவர்களுக்கு இலவசமாக வழங்கியது. இரண்டும் பாராட்டத்தக்க பணிகள். எனினும் கொடுப்பவரின் கை மூடும்போது இத்தகைய விநியோகமும் நின்றுவிடும். பெற்றவர் எத்தனை இலட்சமாக இருந்தாலும் அடுத்த பதிப்பு வருமா வராதா என்பதில் அவர்களுக்குப் பங்கேதுமில்லை. விலைக்கு வாங்கியவருக்கு அந்தப் பங்கு இருந்தது. இதை மிகத் தெளிவாகக் காட்டும் வரலாறு கனடாவிலிருந்து வருகின்றது.

கல்கரியின் அனுபவம்

தியோ டி ராட் என்பவர் கனடாவின் கல்கரி நகரிலிருந்து 1995 ஒக்டோபரில் 'ஓபன் பி.எஸ்.டி.' என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார். பாதுகாப்பே அதன் முதற் குறிக்கோள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும், புதிய பதிப்பு வெளிவரும். மென்பொருள் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. ஆனால் அதிகாரபூர்வ இறுவட்டின் அமைப்புக்கு மட்டும் தியோ பதிப்புரிமை வைத்துக்கொண்டார். அந்த வட்டை அப்படியே நகலெடுத்து விற்க முடியாது. வேண்டுமானவர் கோப்புகளை எடுத்துத் தாமே ஒரு வட்டைத் தயாரித்துக்கொள்ளலாம். சித்திரம் வரைந்த உறை, ஒட்டிகள், பதிப்புக்கு ஒரு பாடல் என்று அலங்கரிக்கப்பட்ட அந்த இறுவட்டுத் தொகுதி ஏறத்தாழ 50 டொலருக்கு விற்கப்பட்டது. வட்டை அடிக்கும் செலவு அதில் ஒரு சிறு பங்கே. மிகுதி, அடுத்த ஆறு மாத வேலைக்கு வாசகர் கட்டும் சந்தாவைப் போன்றது. நாமறிந்த சிறுசஞ்சிகைகளின் பொருளாதாரமும் இதுவேயன்றோ!

2001இல் இத்திட்டத்துக்கு ஒரு பெரிய கொடையும் வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சி முகவரகமான 'டார்ப்பா', பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஊடாக இருபது இலட்சம் டொலருக்கு மேற்பட்ட நிதியை ஒதுக்கியது. 2003இல் ஈராக் மீது படையெடுப்பு நடந்தது. அப்போது கனேடியப் பத்திரிகை ஒன்றுக்கு அளித்த பேட்டியில், இராணுவப் பணத்தை வாங்குவது தமக்கு உறுத்துகின்றது என்றும், இந்தப் பணத்தால் ஏவுகணை ஒன்றில் பாதியாவது கட்டப்படாமற் போகும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வதாகவும் தியோ கூறினார். அந்த ஏப்ரலிலேயே நிதி நிறுத்தப்பட்டது. தமது பேச்சே அதற்குக் காரணம் என்பது அவர் எண்ணம்.

இந்த இடத்தில் நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அந்த முகவரகத்தை மட்டும் நம்பியிருந்த திட்டமென்றால் அன்றைக்கே அது முடிந்திருக்கும், அல்லது அதன் தலைவர் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பார். ஓபன் பி.எஸ்.டி. இரண்டையும் செய்யவில்லை. மே மாதத்தில் கல்கரியில் நிரலாளர் கூடல் நடந்தது. பதிப்புகளும் தவணை தவறாமல் வந்தன. உலகெங்கும் முகமறியாத ஆயிரமாயிரம் பேர் வாங்கிய இறுவட்டுகளும் அவர்கள் அனுப்பிய நன்கொடைகளுமே அந்தத் துணிச்சலுக்கு முதுகெலும்பு. ஐம்பது டொலர் கொடுத்தவர் எவரும் 'இதைப் பேசாதே' என்று சொல்ல முடியாது.

இந்த வருவாய் ஓபன் பி.எஸ்.டி.யைப் பாவித்த சிலருக்கு மட்டும் பயன்பட்டதாக எண்ணிவிடலாகாது. இதே குழுவினர் 1999இல் வெளியிட்ட 'ஓபன் எஸ்.எஸ்.எச்.' என்ற மென்பொருளின் துணையோடுதான் இன்று உலகின் பெரும்பாலான சேவையகங்களைத் தூர இருந்து பாதுகாப்பாக இயக்குகின்றார்கள். பெருங் கம்பனிகளும் வங்கிகளும் அரசுகளும் காசு கொடுக்காமல் அதைப் பாவித்தன. அதற்கான செலவைத் தாங்கியவர்கள் இறுவட்டு வாங்கிய சாதாரணர்கள்.

ஒற்றைப் பயிர்

பயிர் ஒன்றை மட்டும் நம்பும் ஆபத்து ஊவாவுக்குத் தெரியாததல்ல. 1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய், இருபது ஆண்டுகளுக்குள் இந்நாட்டின் கோப்பிச் செய்கையையே அழித்தது. வேகமான இணையம் இறுவட்டுக்கு அப்படியான நோயாக வந்தது. இறக்குவது எளிதானதும் வட்டை வாங்குவோர் குறைந்தனர்.

வேறு வழி தேடிக்கொண்டவர்கள் தப்பினர். பெட்டியில் அடைத்து விற்றுப் புகழ்பெற்ற 'ரெட் ஹெட்', 2003இல் அந்த விற்பனையைக் கைவிடுவதாக அறிவித்துக் கம்பனிகளுக்குச் சந்தா அடிப்படையில் சேவை விற்கும் பாதைக்கு முழுமையாக மாறியது, 2019இல் ஐ.பி.எம். அதை 3,400 கோடி டொலருக்கு வாங்கியது. தனியாளான வொல்கர்டிங்குக்கு அப்படியான பாதை இருக்கவில்லை. தமது பெயரால் நடந்த விற்பனைக்குரிய பணம் நெடுங்காலமாகத் தமக்கு வரவில்லை என்று 2018இல் அவர் பகிரங்கமாகச் சொன்னபோது பாவனையாளர்கள் திகைத்துப்போயினர். கொழுந்து பறிப்பவருக்கும் கடையில் தேயிலை வாங்குபவருக்கும் இடையில் எத்தனை கைகள் உண்டென்பதைத் தோட்டப் பகுதியில் வாழும் நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. விற்பவரும் ஆக்கியவரும் ஒருவராக இருந்தபோது, அல்லது விற்பவர் வால்நட் கிரீக் போல ஆக்கியவரை நினைத்தபோது மட்டுமே இறுவட்டு சோறு போட்டது.

ஓபன் பி.எஸ்.டி.யும் தள்ளாடியது. 2014 ஜனவரியில், கணினிகளுக்கான மின்சாரச் செலவுக்கு 20,000 டொலர் இல்லை என்று அது பகிரங்கமாகக் கையேந்தியது. அந்தப் பணமும் அதற்கு மேலும் சில நாட்களில் சேர்ந்தது. அதே ஏப்ரலில், ஆளில்லாமலும் பணமில்லாமலும் பராமரிக்கப்பட்டுவந்த 'ஓபன் எஸ்.எஸ்.எல்.' என்னும் வேறொரு கட்டற்ற மென்பொருளில் பாரிய பாதுகாப்புக் குறை வெளிப்பட்டு உலகம் பதறியது. அதன் பின்னரே பெருங் கம்பனிகள் பணப்பையைத் திறந்தன. 2015இல் ஓபன் பி.எஸ்.டி. அறக்கட்டளைக்கு மைக்ரோசொஃப்ட்டும் கொடையாளியாயிற்று. 2016 செப்டெம்பரில் வந்த 6.0 பதிப்பே இறுவட்டில் வந்த கடைசிப் பதிப்பு. அதன் பிறகும் ஆறு மாதத்துக்கொருமுறை பதிப்பு வருகின்றது, இணையத்தில் மட்டும்.

நமக்கான கேள்வி

இலங்கையும் இத்துறையில் வெறுங்கையோடு இருந்துவிடவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவுசெய்வதற்காக இந்நாட்டு நிரலாளர்கள் தொண்டாக எழுதிய 'சஹானா' என்ற கட்டற்ற மென்பொருள், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் கைகொடுத்தது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதை ஸ்டால்மனின் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. தொண்டர்களின் நேரமும் கொடை நிறுவனங்களின் நிதியுமே அதன் மூலதனம். தமிழிலே இயங்குதளங்களையும் உலாவிகளையும் மொழிபெயர்த்த நம்மவர் பலரும் அலுவல் முடிந்து இரவிலே அதைச் செய்தவர்கள். அவர்களுக்கு ஐம்பது டொலர் இறுவட்டு போன்றதொன்று ஒருபோதும் வாய்க்கவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியது. உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்குக்கூட ஆளுக்கொரு கணக்குச் சொல்லப்பட்டது. ஆட்களைச் சரியாகப் பதிந்து எண்ணும் மென்பொருளை இந்த நாட்டவரே பத்தாண்டுகளுக்கு முன் எழுதியிருந்தார்கள் என்பதை அப்போது எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்? இத்தகைய கருவியொன்று தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஆயத்தமாக இருக்க வேண்டுமானால், பேரிடர் வரும்போது மட்டும் சுரக்கும் நிதி போதாது. அதைப் பராமரிப்பவருக்கு மாதாமாதம் சீவனம் நடக்க வேண்டும். அதற்குச் சிறுதொகை கட்டத் தயாரானவர்கள் நம்மிலும் உண்டு. சஞ்சிகைக்குச் சந்தா கட்டுவதுபோல அதை எங்கே கட்டுவது என்பதற்கு இன்னும் ஓர் இடம் உருவாகவில்லை.