மொட்டை மாடி மழைநீர் குழாயை வருஷத்துக்கு எத்தனை தடவை சுத்தம் செய்யணும்?

மழை விட்டு ரெண்டு மணி நேரம் ஆகியும் மாடியில் தண்ணீர் நிக்குதா? சீலிங் மூலையில் ஈரம் தெரியுதா? பல வீடுகளில் இதற்குக் காரணம் கான்கிரீட் இல்லை, மழைநீர் இறங்கும் குழாயின் வாயை அடைத்திருக்கும் ஒரு கைப்பிடி இலைதான். இந்தக் குழாயை எப்போது, எப்படி சுத்தம் செய்வது? பார்க்கலாம்.

வருஷத்துக்கு எத்தனை முறை?

குறைந்தது 2 முறை. தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழை. வழக்கமாக அக்டோபர் 3-வது வாரத்தில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். அதனால்,

• முதல் முறை: செப்டம்பர் கடைசிக்குள். குழாய் உடைந்திருந்தால் மாற்றவும் நேரம் கிடைக்கும்.
• இரண்டாவது முறை: மழை முடிந்ததும் ஜனவரியில். இறங்கிய சேறு காய்ந்து இறுகுவதற்குள் எடுத்துவிடலாம்.

கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரி, வால்பாறை பகுதிகளில் தென்மேற்குப் பருவமழையும் நன்றாகப் பெய்யும். அங்கே மே மாதக் கடைசியில் இன்னொரு முறை அவசியம்.

வீட்டுப் பக்கத்துல மரம் இருந்தா?

2 முறை போதாது. வேம்பு பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டும், அடுத்து பூ உதிரும். வாதாம் மரத்தின் ஓர் இலையே குழாய் வாயை மூடப் போதும். மரம் மாடி மேல் சாய்ந்திருந்தால் மாதம் ஒரு முறை பெருக்குங்க. மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையும், கனமழை எச்சரிக்கை வந்ததுமே ஒரு முறையும் குழாய் வாயைப் பார்த்துடுங்க. ஓட்டு வீடு, ஷீட் வீடுகளில் கூரை ஓரம் மாட்டியிருக்கும் தகரம் அல்லது பிவிசி வாய்க்காலுக்கும் இதே கணக்குதான்.

அடைச்சுக்கிட்டா என்ன ஆகும்?

1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 9,300 லிட்டர். வடிய வழியில்லாமல் 2 அங்குலம் தேங்கினாலே சுமார் 4,700 லிட்டர். அதன் எடை நாலரை டன்னுக்கு மேல்.

தேங்கிய நீர் சின்ன விரிசல் வழியாக இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி உப்பி, சீலிங் காரை பெயர்ந்து விழும். குழாய் வாயில் சேரும் மண்ணில் அரசங்கன்று முளைத்தால், அதன் வேர் சுவரையே பிளக்கும்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் இந்தத் தண்ணீர் போதும். முட்டையிலிருந்து கொசுவாக மாற 7 முதல் 10 நாள்தான் ஆகும். வாரம் ஒரு முறை பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்படி சுத்தம் செய்வது?

1. முதலில் மாடி முழுக்க காய்ந்த நிலையில் பெருக்கி, குப்பையை அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் குழாய்க்குள் தள்ளாதீர்கள்.
2. குழாய் வாயில் உள்ள ஜாலியைக் கழற்றிக் கழுவுங்கள். கையுறை அவசியம், ஈரக் குப்பையில் தேள், பூரான் இருக்கலாம்.
3. ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, கீழே எப்படி வருகிறது என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டு சொட்டாக வந்தால் வளைவில் அடைப்பு.
4. அடைப்பை வளையும் மூங்கில் பிளாச்சு அல்லது பிளம்பர் ஸ்பிரிங்கால் எடுங்கள். இரும்புக் கம்பியால் குத்தினால் பிவிசி உடையும். ஆசிட் வேண்டாம்.
5. ஜாலியை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

மழைநீர் தொட்டி இருக்கா?

தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லா கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மாடி சுத்தமாகும் அதே நாளில் வடிகட்டும் தொட்டியின் ஜல்லி, மணலையும் எடுத்துக் கழுவிப் போடுங்கள். சீசனின் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும். மாடித் தண்ணீரை பாதாள சாக்கடை இணைப்பில் விடவே கூடாது. கனமழையில் கழிவுநீர் உங்கள் வீட்டுக்குள்ளேயே எதிர்த்து வரும்.

இதை மட்டும் செய்யாதீங்க

மழை பெய்யும்போதோ, பாசி பிடித்த ஈரத்திலோ ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்காதீர்கள். கூரைப் பக்கத்தில் மின்கம்பி போனால் இரும்பு ஏணி, நீளமான கம்பி இரண்டும் ஆபத்து. ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஏற வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் கால் வைக்காதீர்கள், உடைந்து உள்ளே விழ வாய்ப்பு அதிகம்.

உங்கள் குழாய் சரியாக இருந்தும் தெரு வடிகாலில் தண்ணீர் போகவில்லையா? சென்னை மாநகராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் 1913 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.