வலியைச் சொல்ல இயலாத முதியோர்: டிமென்ஷியா பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை

குளிப்பாட்ட எழுப்பும்போதெல்லாம் கையைத் தட்டிவிடும் முதியவரைப் பிடிவாதக்காரர் என்றோ, மறதி நோய் முற்றிவிட்டது என்றோ வீட்டார் கருதிவிடுகின்றனர். உண்மையில் அவருக்கு முழங்கால் வலி இருக்கலாம். அதைச் சொல்லும் திறன் மட்டுமே அவரைவிட்டு நீங்கியிருக்கலாம்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவால் பாதிக்கப்பட்டிருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோரைக் குடும்பத்தினரே பராமரிக்கின்றனர்.

இந்நோய் வலியை உணரும் திறனை அழிப்பதில்லை. அதை நினைவில் வைத்து எடுத்துரைக்கும் திறனையே குலைக்கிறது. எனவே, 'நேற்று இரவு வலித்ததா?' என்று கேட்பதால் பயன் குறைவு. 'இப்போது இங்கே வலிக்கிறதா?' என அவ்விடத்தைத் தொட்டுக் கேட்டு, பதிலுக்குச் சற்றுக் காத்திருக்க வேண்டும். 'வலி' என்ற சொல்லுக்குத் தலையசைக்காதவர், அவர் வழக்கமாகப் புழங்கிய 'குடைச்சல்', 'கடுப்பு' போன்ற சொல்லுக்கு அசைக்கக்கூடும்.

பேச்சு குன்றியவர்களுக்காக 2003-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது 'பெய்னாட்' அளவுகோல். மூச்சு, முனகல், முகபாவம், உடலசைவு, ஆறுதல்படுத்தினால் அமைதியடைகிறாரா என்ற 5 அம்சங்களுக்கு தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் தரப்படும். படுத்திருக்கையில் மட்டுமின்றி, புரட்டும்போதும் நடக்கவைக்கும்போதும் கவனிக்க வேண்டும். அச்சமும் பசியும்கூட இம்மதிப்பெண்ணை உயர்த்தும் என்பதால், இதை வலிக்கான சான்றாகக் கொள்ளாமல் ஐயத்துக்கான காரணமாகவே கொள்வது நல்லது.

நார்வேயில் 18 முதியோர் இல்லங்களைச் சேர்ந்த 352 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2011-இல் வெளியாகின. பாரசிட்டமாலில் தொடங்கி, படிப்படியாக 8 வாரங்கள் வலிக்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் கிளர்ச்சியான நடத்தை கணிசமாகக் குறைந்தது. மறுபுறம், இத்தகைய நடத்தையைக் கட்டுப்படுத்தத் தரப்படும் மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியோரின் இறப்பு அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரித்திருந்தது.

ஆகவே மருத்துவரிடம் 'தூங்காமல் கத்துகிறார்' என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. மாற்றம் எப்போது தொடங்கியது, எந்த அசைவின்போது முகம் சுளிக்கிறார், எதைச் செய்தால் தணிகிறது, முன்பு எப்படி இருந்தார் என்பதைச் சில நாள்கள் குறித்துவைத்துக் காட்டினால், தூக்க மருந்துக்கு முன் வலியைத் தேட வழி பிறக்கும். பொருந்தாத பல்செட், மலச்சிக்கல், படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று ஆகியவை எளிதில் கவனத்துக்குத் தப்புபவை.

ஓரிரு நாள்களுக்குள் திடீரென ஏற்படும் குழப்பம் அல்லது அளவுக்கு மீறிய சோர்வு, டிமென்ஷியாவின் இயல்பான போக்கு அன்று. அன்றைய தினமே மருத்துவரை அணுக வேண்டும்.