ஆரஞ்சு நிறப் பூனைகளில் ஆண் பூனைகளே அதிகம்: காரணம் என்ன?

ஆரஞ்சு நிறப் பூனைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் ஆண் பூனைகள். நூற்றாண்டுக்கும் மேலாக அறிவியலாளர்கள் ஆராய்ந்து வந்த இந்த நிறத்தின் மரபணு ரகசியம் 2025ஆம் ஆண்டில் வெளியானது. அதன் சுவாரஸ்யமான பின்னணியை இங்கு காணலாம்.

மரபணுவில் நேர்ந்த மாற்றம்

ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகமும் தனித்தனியே ஆய்வு நடத்தி ஒரே முடிவை எட்டின. எக்ஸ் குரோமோசோமில் உள்ள 'ஏஆர்எச்ஜிஏபி36' என்ற மரபணுப் பகுதியில் சுமார் 5,000 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பதே ஆரஞ்சு நிறத்திற்குக் காரணம். இதனால் நிறமி செல்களில் அந்த மரபணு வழக்கத்தை விட அதிகமாகச் செயல்படுகிறது. கருப்பு நிறமி உற்பத்தி தடைபட்டு, ஆரஞ்சு நிறமி உருவாகிறது. ஜப்பானிய ஆய்வுக்குப் பூனைப் பிரியர்கள் பலர் நன்கொடை அளித்தது குறிப்பிடத்தக்கது.

ஆண்கள் அதிகம் ஏன்?

ஆண் பூனைக்கு ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம் மட்டுமே உண்டு. அதில் இந்த மாற்றம் இருந்தால் போதும். பெண் பூனைக்கோ இரண்டு எக்ஸ் குரோமோசோம்களிலும் இருக்க வேண்டும். உதாரணமாக, ஓர் ஊரில் உள்ள பூனைகளின் எக்ஸ் குரோமோசோம்களில் ஐந்தில் ஒன்று இம்மாற்றத்தைக் கொண்டிருந்தால், ஆண்களில் 20 சதவீதமும் பெண்களில் 4 சதவீதமும் மட்டுமே ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும்.

மூவண்ணப் பூனைகள்

ஒரு எக்ஸ் குரோமோசோமில் மட்டும் மாற்றம் உள்ள பெண் பூனையின் உடலில் கருப்பும் ஆரஞ்சும் திட்டுத் திட்டாகத் தோன்றும். பெண் பாலூட்டிகளின் ஒவ்வொரு செல்லிலும் ஏதேனும் ஒரு எக்ஸ் குரோமோசோம் செயலிழப்பதே இதற்குக் காரணம். இக்கருத்தை 1961ஆம் ஆண்டில் முன்வைத்தவர் பிரிட்டன் விஞ்ஞானி மேரி லயன். வெள்ளை நிறமும் சேரும்போது அது 'கேலிகோ' பூனை எனப்படுகிறது. இவற்றில் ஆண் பூனை மிக அரிது. சுமார் 3,000 பூனைகளில் ஒன்று மட்டுமே ஆண் என மதிப்பிடப்படுகிறது. கூடுதலாக ஒரு எக்ஸ் குரோமோசோமுடன் பிறக்கும் இவை பெரும்பாலும் இனப்பெருக்கத் திறன் அற்றவை.

குளோனிங்கிலும் மாறிய நிறம்

உலகின் முதல் குளோனிங் பூனையான 'சிசி' 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் பிறந்தது. அதன் மூலப் பூனை மூவண்ணம் கொண்டது. ஆனால் சிசியின் உடலில் ஆரஞ்சு நிறம் சிறிதும் இல்லை. குளோனிங்கிற்கு எடுக்கப்பட்ட செல்லில் ஆரஞ்சு நிறத்திற்கான குரோமோசோம் செயலற்று இருந்ததே அதற்கு விளக்கமாகக் கூறப்படுகிறது.

கவனிக்க வேண்டியவை

* ஆரஞ்சு என்பது ஒரு நிறமே தவிர, தனிப் பூனை இனம் அன்று.

* ஆரஞ்சு நிறப் பூனைகள் அனைத்திற்கும், மங்கலாகவேனும், வரிகள் இருக்கும்.

* வயது ஏற ஏற மூக்கிலும் உதட்டிலும் தோன்றும் தட்டையான கரும்புள்ளிகள் பொதுவாகத் தீங்கற்றவை. புள்ளி தடித்தாலோ புண்ணானாலோ கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குணத்திற்கும் நிறத்திற்கும் தொடர்பு உண்டா?

ஆரஞ்சு நிறப் பூனைகள் குறும்பும் பாசமும் மிக்கவை என்று வளர்ப்போர் பலர் நம்புகின்றனர். எனினும் இதற்கு உறுதியான அறிவியல் சான்று இல்லை. பூனையின் குணத்தை வளரும் சூழலும், குட்டிப் பருவத்தில் மனிதருடன் பழகும் விதமும் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆகவே பூனையைத் தத்தெடுக்க விரும்புவோர் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காமல், அதனுடன் சிறிது நேரம் பழகிப் பார்ப்பதே நல்லது.