மார்பகப் புற்றுநோயில் எதிர்ப்பாற்றல் சிகிச்சையும் நானோ மருந்தும்

உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் புற்றுக்கட்டிக்கு எதிராகத் தூண்டிவிடுவது எதிர்ப்பாற்றல் சிகிச்சை. மருந்தை நானோ அளவுத் துகளில் ஏற்றிச் செலுத்துவது நானோ மருத்துவம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பிகளுக்கும் சோதனை எதிர்மறையாக வரும் மார்பகப் புற்றுநோய் வகைக்கான சிகிச்சையில் இவை இரண்டும் ஒன்றுசேர்ந்தன. ஹார்மோன் தடுப்பு மாத்திரையோ ஹெர்2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாபோ பலன் தராத இவ்வகைக்கு நெடுங்காலம் கீமோதெரபியே கதி.

அந்தக் கீமோதெரபி மருந்துகளில் ஒன்றான பாக்ளிடாக்செல் நீரில் கரையாது. அதைக் கரைக்கச் சேர்த்த, ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானே கடும் ஒவ்வாமையைக் கிளப்பியது. அதே மருந்தை அல்புமின் புரதத்துடன் பிணைத்துச் சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கிய வடிவம் 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கரைப்பான் ஒழிந்தது, கைகால் மரத்துப்போவது ஒழியவில்லை.

டி செல்களின் மீதுள்ள பிடி-1 புரதம், அவற்றின் தாக்குதலுக்குப் போட்ட கடிவாளம். அதைக் கண்டறிந்த தசுக்கு ஹோன்ஜோ 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிடி-1உடன் இணையும் பிடி-எல்1 புரதத்தைத் தடுக்கும் அடெசோலிசுமாப், நானோ பாக்ளிடாக்செல்லுடன் சேர்த்து, பரவிய நோய்க்கு 2019இல் அமெரிக்காவில் விரைவு அனுமதி பெற்றது. சாதாரண பாக்ளிடாக்செல்லுடன் நடந்த அடுத்த ஆய்வில் பலன் உறுதிப்படாததால், 2021இல் அங்கு இப்பயன்பாடு திரும்பப் பெறப்பட்டது.

பிடி-1ஐத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப் நிலைத்தது. அறுவைக்கு முன் கீமோதெரபியுடன் கொடுத்தபோது, கட்டி முழுதும் மறைந்தோரின் விகிதம் 51.2 சதவீதத்திலிருந்து 64.8 ஆக உயர்ந்தது, பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் தூண்டப்பட்ட எதிர்ப்பாற்றல் தைராய்டு, அட்ரீனல் சுரப்பிகளையும் தாக்கக்கூடும். சிலருக்கு வாழ்நாள் முழுதும் ஹார்மோன் மாத்திரை தேவைப்படும் என்பதைத் தொடங்குமுன்பே சொல்லிவிட வேண்டும்.